டாக்டரம்மாவின் கோழிப் படிப்பு

அன்றைக்கு என் தங்கை ஆர்லீதா ஊதாத் தொப்பி போட்டிருந்தாள். முன்னால் வலை, பக்கத்தில் இறகு, பின்னால் உட்கார்ந்தவருக்குப் பாஸ்டரின் தலைகூடத் தெரியாத அகலம். நான் பாடகர் குழுவில் நிற்பவள். மேடையிலிருந்து பார்த்தபோது முன் வரிசையில் அந்தத் தொப்பியைத் தவிர எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"எதுக்குடி இவ்வளவு பெரிசு?" என்று காலையில் வண்டியில் ஏறும்போதே கேட்டிருந்தேன்.

"இன்னைக்கு என் பொண்ணு எந்திரிச்சு நிக்கப்போறா அக்கா. அவ அம்மா யாருன்னு கடைசி வரிசை வரைக்கும் தெரிய வேணாமா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, மிஸிஸிப்பியில் எங்கள் டாலிவர் சபைக்குப் பிள்ளைகள் ஞாயிறு. வெளியூரில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயர், கல்லூரி, மேஜர் என்கிற முக்கியப் படிப்பு மூன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெயருக்கும் கல்லூரிக்கும் கை தட்டுவோம். படிப்புக்குத்தான் நிஜமான தட்டு. அக்கவுண்டிங் என்றால் உட்கார்ந்தபடியே தட்டுவோம். நர்சிங் என்றால் சிலர் எழுந்து நிற்பார்கள். இன்ஜினியரிங் என்றால் ஆர்கன் வாசிக்கிறவர் ஒரு சின்ன வரி வாசித்துக் காட்டுவார். டாக்டர் படிப்பு என்றால் என்ன செய்வோம் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆர்லீதாவின் மகள் ஜலீசா ஏழு வயதிலிருந்தே எங்கள் சபைக்கு டாக்டரம்மா. ஆர்லீதாவுக்கு எங்கள் ஊர்க் கோழிக் கம்பெனியில், கோழியிலிருந்து எலும்பை எடுக்கிற வரிசையில் வேலை. அந்தக் குளிரில் கத்தியும் கையுமாக நின்று நின்று அவள் விரல்கள் மரத்துப்போகும். காலையில் சட்டைப் பொத்தானைக்கூட அவளால் போட முடியாது. குழந்தைதான் நாற்காலியில் ஏறி நின்று போட்டுவிடும். ஒருநாள் போட்டுவிட்டுக்கொண்டே, "நான் டாக்டராகி உன் கையைச் சரி பண்ணிடறேம்மா" என்று சொல்லியிருக்கிறது. ஆர்லீதா அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லி அழுதுவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த சாப்பாட்டில், பெரிய பெரிய ஆம்பளைகள் ஷூவைக் கழற்றி, "டாக்டரம்மா, இந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் பாரேன்" என்று காலை நீட்டினார்கள். குழந்தையும் மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்த்துவிட்டு, "தினமும் கழுவணும்" என்று மருந்து சொல்லும்.

அப்படிப்பட்ட பிள்ளை கல்லூரி சேர்ந்து முதல் பருவம் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். சபை மொத்தமும் அவள் முறைக்காகக் காத்திருந்தது. ஆர்கன்காரர் விரலை நெட்டி முறித்துக்கொண்டார்.

ஜலீசா எழுந்தாள். "என் பேர் ஜலீசா. ஸ்டேட் யுனிவர்சிட்டி, முதல் வருஷம். மேஜர்..." கொஞ்சம் நிறுத்தினாள். "பவுல்ட்ரி சயின்ஸ்."

தட்டப்போன கைகள் அப்படியே நின்றன.

"என்ன சயின்ஸ், கண்ணு?" என்று கேட்டாள் சிஸ்டர் க்ளோடெல். அவளுக்குக் காது பாம்புக் காது, நன்றாகக் கேட்டிருக்கும். தன் மகன் பயாலஜி படிக்கிறான் என்று அதற்குச் சற்று முன்புதான் கைதட்டு வாங்கியிருந்தாள்.

"பவுல்ட்ரி, மேடம். கோழி."

"அட, அதுக்கு எதுக்கும்மா காலேஜு?" என்றார் பின்வரிசையிலிருந்து டீக்கன் அமோஸ். "நாளைக்கு என்கூட ஷிஃப்டுக்கு வா. சம்பளமும் குடுத்துக் கத்துக்குடுக்கிறோம்."

சபை சிரித்தது. கெட்ட மனதோடு இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பெனியில் நிற்கிறவர்கள், மீதிப் பேர் நின்று ஓய்ந்தவர்கள். எங்கள் ஊரில் கோழி என்ற பேச்சை எடுத்தால் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகை வந்துவிடும். ஆனால் ஆர்லீதா சிரிக்கவில்லை. ஊதாத் தொப்பி ஆராதனை முடியும்வரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை. அடுத்த பாட்டில் நான் இரண்டு இடத்தில் சுருதி விட்டேன்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் நான், எனக்கு வண்டிக்குள் சத்தம் பழக்கம். சத்தமில்லாமல் இருந்தால்தான் பயம். ரயில் கேட்டைத் தாண்டியதும்தான் ஆர்லீதா ஆரம்பித்தாள்.

"கோழி."

"அம்மா, நான் சொல்றதை..."

"கோழி! நான் அந்த நாத்தத்துல கெடந்து சாகறது எதுக்குடி? நீ அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னுதானே? வீட்டு வாசப்படிக்குள்ள ஒரு கோழி எலும்பை ஏத்தியிருப்பேனா நான்?"

அது உண்மை. ஜலீசா பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கோழி சமைத்ததில்லை. பிறந்தநாளுக்குக்கூட கெளுத்தி மீன்தான். வேலை முடிந்து வந்ததும் ஆர்லீதா பின்வாசல் குழாயடியில் எலுமிச்சையும் சோப்புமாகக் கை, கழுத்து, முடி எல்லாம் தேய்த்துக் கழுவுவாள். கழுவி முடிக்கும்வரை குழந்தையைக் கட்டிக்கொள்ள விடமாட்டாள்.

"டாக்டர் ஆகிறதை விட்டுட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"டாக்டருங்க பயாலஜிதான் படிப்பாங்க. டிவில எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கேன்!"

"டிவில எந்த டாக்டரு படிச்சு நீ பார்த்தே? எல்லாம் லிஃப்டுல நின்னு காதலிச்சுக்கிட்டிருக்கும்" என்றேன் நான்.

"நீ ரோட்டைப் பாரு."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஒரு தடவை வந்து பாரும்மா. பார்த்துட்டு அப்புறம் திட்டு" என்றாள் ஜலீசா.

"வரேன். சும்மா பார்க்க இல்ல. மாத்திக்குடுத்துட்டுத்தான் திரும்புவேன்."

சொன்னபடியே ஜனவரியில் ஒருநாள் லீவு போட்டாள். அவள் லீவு போடுவதும் எங்கள் ஊரில் பனி பெய்வதும் ஒன்று. மிஸிஸிப்பியில் அந்த வாரம் நல்ல குளிர், இருந்தாலும் அதே ஊதாத் தொப்பிதான். வழியெல்லாம் சிக்னலில் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்து, "இதுங்க எல்லாம் என்ன படிக்குதோ, அணில் சயின்ஸா இருக்கும்" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

வாசலிலேயே விசாரணை மேஜை இருந்தது. உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் நேராகப் போய் நின்றாள்.

"ப்ரீ-மெட் மேஜர் எந்தக் கட்டடத்துல இருக்கு? என் பொண்ணைத் தெரியாம வேற இடத்துல போட்டுட்டாங்க."

"அப்படி ஒரு மேஜர் கிடையாதுங்க, மேடம்" என்றாள் அந்தப் பெண்மணி, நல்ல மரியாதையோடு. "டாக்டருக்குப் போகப்போறேன்னு சொல்ற எல்லாப் பிள்ளைங்களையும் ப்ரீ-மெட்டுன்னு சொல்லுவோம். பட்டம் வேற எதுலயாவதுதான் வாங்கணும்."

"கெடையாதா? ஆகஸ்டு மாசத்துலேர்ந்து ஒரு சபையே அதுக்காக முழங்கால்ல நின்னுக்கிட்டிருக்கு. கெடையாதுங்கிறியே!"

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குக் கோபம் என்றுதான் அந்தப் பெண்மணி நினைத்திருப்பாள். எனக்குத் தெரியும், அது பயம். தொப்பியின் வலைக்குள் கண் கலங்கியிருந்தது. ஊர் முழுக்க ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒன்று உலகத்திலேயே இல்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஜலீசா கோழித் துறை வாசலில் காத்திருந்தாள். ரப்பர் பூட்ஸும் வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தாள். ஆர்லீதா அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். கம்பெனியில் இவள் போடுகிற அதே பூட்ஸ். முகம் கல்லாகிவிட்டது.

அங்கே பேராசிரியை ஒருத்தர், டாக்டர் ரீனர் என்று பெயர். உயரமான வெள்ளைக்காரி, சட்டையில் வைக்கோல். "இந்த டாக்டரு ஊசி போடுமா?" என்று ஆர்லீதா என் காதில் கேட்டாள். "கோழிக்குப் போடும், சும்மா இரு" என்றேன்.

"மெடிக்கல் காலேஜ் கேக்கறது ரொம்ப எளிமை, மிஸ் ஆர்லீதா" என்றார் அவர். "பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிஸிக்ஸுன்னு சில பாடம் கண்டிப்பா எடுத்திருக்கணும். ஜலீசா அதையெல்லாம் எடுக்கத்தான் போறா. அப்புறம் நுழைவுத் தேர்வு. அப்புறம் நல்ல மார்க்கு, அவளை நேர்ல தெரிஞ்ச வாத்தியாருங்க எழுதிக் குடுக்கிற கடுதாசி. பட்டம் எதுலங்கிறதைப் பத்தி அவங்களுக்குக் கவலையே இல்ல. பியானோ படிச்சவங்ககூட போயிருக்காங்க."

"பியானோ படிச்சவங்க போகட்டும். அவங்க வீட்டுல யாரும் பியானோவை அறுக்கல" என்றாள் ஆர்லீதா.

அந்த அம்மாள் நல்லவர். என்ன சொல்வதென்று தெரியாமல், "நான் காபி கொண்டுவரேன்" என்று வெளியே போய்விட்டார்.

தாயும் மகளும் நானும் மட்டும். சுவரில் விதவிதமான சேவல் படங்கள். ஆர்லீதா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து.

"நெசத்தைச் சொல்லு. அந்தப் பயாலஜி உனக்கு என்ன பண்ணுச்சு?"

ஜலீசா பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கொட்டினாள். அங்கே வகுப்பு என்பது சினிமா கொட்டகை மாதிரியாம். நம் சபையைத் தூக்கி வைத்தால் ஒரு மூலையில் அடங்கிவிடுமாம். பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டு வந்தவர்கள். கெமிஸ்ட்ரியில் 'சி' கிரேடுதான் வாங்கினாள். படிப்பு வழிகாட்டி என்று ஒருவர், கம்ப்யூட்டரைவிட்டுத் தலையைத் தூக்காமலே, "உனக்கு டாக்டர் வேலை சரிவருமான்னு யோசி. வேற எத்தனையோ வழி இருக்கு" என்றாராம்.

"யாரு அவன்? எந்த ரூமு?" என்று நான் எழுந்துவிட்டேன்.

"உக்காரு பெரியம்மா. அவர் என் பேரைக்கூடத் தப்பாச் சொன்னார். அன்னைக்கு மட்டும் இல்ல, நான் தினமும் அழுதேன். போன்ல உங்ககிட்ட சிரிச்சுப் பேசிட்டு வெச்சதும் அழுவேன். திரும்பி வந்துடலாம்னுதான் இருந்தேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் ஆர்லீதா.

"நீ பொத்தான் போட முடியாம வேலைக்குப் போறே. நான் கெமிஸ்ட்ரி வரலைன்னு அழுவேனா?"

ஆர்லீதா இரண்டு கையையும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஒருநாள், கோழித் துறைப் பிள்ளைங்க கோழி சுட்டு இலவசமாப் போடறாங்கன்னு போர்டு பார்த்தேன். போனேன். நம்ம வீட்டுலதான் கோழியே கெடையாதே, எனக்கு ஆசையா இருந்துச்சு. நீ வீட்டுல ஒரு தடவை கோழி பண்ணியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். ஆர்லீதா என்னை முறைத்தாள்.

"சாப்பிட்டுட்டு, கட்டடத்தைச் சுத்திப் பார்க்கலாம்னு உள்ள வந்தேம்மா. அங்க பின்னால கோழி வெட்டிப் பழகற ரூம் ஒண்ணு இருக்கு. கதவைத் திறந்ததும்..." ஜலீசா அம்மாவைப் பார்த்தாள். "உன் வாசனை வந்துச்சு. நீ வேலை முடிஞ்சு வந்து பின்வாசக் கதவைத் திறப்பியே, கழுவறதுக்கு முன்னால, அந்த வாசனை. மத்தவங்கல்லாம் மூக்கைப் பிடிச்சாங்க. நான் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். காலேஜ் வந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் நான் அழல."

ஆர்லீதா தன் இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். எத்தனை எலுமிச்சை, எத்தனை சோப்பு, எத்தனை வருஷம்! அந்த வாசனை பிள்ளைமேல் ஒட்டக்கூடாது என்று பின்வாசலில் குளிரில் நின்று தேய்த்தவள் அவள். எனக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது. பையில் கைக்குட்டை தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"பைத்தியம்" என்றாள் கடைசியில். "நாத்தத்தைப் போய் யாராவது தேடுவாங்களா?"

"வா, ஒண்ணு காட்டறேன்" என்று ஜலீசா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

குஞ்சு பொரிக்கிற அறை. சூடாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஒரே கீச் கீச். ஜலீசா விளக்கை அணைத்துவிட்டு, ஒரு முட்டையை எடுத்துச் சின்ன டார்ச்சின் வாயில் வைத்தாள். முட்டை முழுக்கச் சிவந்து, உள்ளே மெல்லிய இரத்த நரம்புகள் தெரிந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. விட்டு விட்டு, விடாமல் துடித்தது.

"இதயம்மா. இன்னும் மத்தது எதுவும் சரியா வரல, இது மட்டும் ஆரம்பிச்சிடுச்சு. மனுஷக் குழந்தைக்கும் ஆரம்பத்துல கிட்டத்தட்ட இப்படித்தானாம். அந்தக் கொட்டகையில இதைத் தூரத்துல திரையில பார்த்தேன். இங்க என் கையில இருக்கு."

ஆர்லீதா தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "எப்பா... இயேசுவே" என்று மட்டும் சொன்னாள்.

விளக்கைப் போட்டதும் ஜலீசா தட்டிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, அம்மாவின் மரத்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். ஆர்லீதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சூடா இருக்கு அக்கா" என்றாள் என்னிடம்.

"உயிரோட இருந்தா சூடாத்தானே இருக்கும்?"

"இல்ல அக்கா. எங்க வரிசைக்கு வரதெல்லாம் ஐஸ் தண்ணில ஊறி வரும். இத்தனை வருஷத்துல... சூடான கோழியை இப்பத்தான் தொடறேன்."

குஞ்சு அவள் விரலைக் கொத்தியது. "கொத்துதுடி! எத்தனையைக் கிழிச்சிருப்பேனோ, பழி வாங்குது" என்று சிரித்தாள். டிசம்பரிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அதற்காக அவள் முழுசாக மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். என் தங்கையை எனக்குத் தெரியும். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மகளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"படி. நல்லாப் படி. ஆனா ஒண்ணு. சபையில அந்தப் பேரைச் சொல்லாதே. சயின்ஸுன்னு மட்டும் சொல்லு. சயின்ஸுதானே, பொய் இல்லையே?"

"சரிம்மா" என்றாள் ஜலீசா.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பெரியம்மா எவ்வளவுதான் பேச முடியும்? வழியெல்லாம் கியரை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷப் பிள்ளைகள் ஞாயிறில் ஜலீசா எழுந்து, "மேஜர், சயின்ஸ்" என்றாள். அதற்கடுத்த வருஷமும் அதேதான். சபை கொஞ்சமாகத் தட்டும். சிஸ்டர் க்ளோடெல் மட்டும் சாப்பாட்டு வரிசையில், "கோழி டாக்டரம்மா, என் வீட்டுச் சேவல் நொண்டுது, வந்து பார்க்கிறியா?" என்பாள். பிள்ளை சிரித்துக்கொண்டே, "தினமும் கழுவுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் அந்த வாரம் க்ளோடெல் செய்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தொடமாட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை அங்கே வேரூன்றிவிட்டாள். கெமிஸ்ட்ரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள், பிஸிக்ஸையும் தாண்டினாள். கோழித் துறையில் மொத்தப் பிள்ளைகளே கொஞ்சம்தான். அதனால் எல்லா வாத்தியாருக்கும் அவள் பெயரும் தெரியும், அவள் அம்மா பெயரும் தெரியும். டாக்டர் ரீனர் அவளை அந்த முட்டை இதயங்களை வைத்து ஆராய்ச்சி செய்ய விட்டார். நான்காவது வருஷம் தொடங்குவதற்குமுன் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். அப்போதிலிருந்து ஆர்லீதாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "கோழின்னு பார்த்ததும் தூக்கிப் போட்டுருவாங்க அக்கா" என்று தினமும் ஒரே புலம்பல். இரண்டு கல்லூரி நேராக இல்லை என்றன. அன்றெல்லாம் அவள் மகளிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் மாநிலத் தலைநகரத்து மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. முடிந்ததும் ஜலீசா எனக்குத்தான் போன் செய்தாள்.

"முதல் கேள்வியே அதுதான் பெரியம்மா. ஏன் கோழின்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க அம்மா கோழி வெட்டி என்னை வளர்த்தாங்க. அவங்க கையைக் கெடுத்தது என்னன்னும் பார்க்கணும், அதுக்குள்ள என்ன இருக்குன்னும் பார்க்கணும், ரெண்டுக்கும் அங்கதான் இடம் இருந்துச்சுன்னேன். அப்புறம் ஒருத்தர் இதய டாக்டராம், முட்டையைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தார். நேரம் போனதே தெரியல. ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதே. அவங்ககிட்ட 'சயின்ஸ்'ன்னுதான் ஒப்பந்தம்."

நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

நவம்பர் கடைசியில் இடம் கிடைத்துவிட்டது. ஜலீசா அதைப் போனில் சொல்ல மாட்டேன் என்று வண்டி பிடித்து வந்து, கம்பெனி கேட்டில் ஷிஃப்டு முடிகிற நேரத்துக்கு நின்றாள். ஆர்லீதா தலைமுடி வலையோடும் பூட்ஸோடும் வெளியே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "கிட்ட வராதே, நாத்தம், நாத்தம், இன்னும் கழுவல" என்று பின்னால் போனாள். ஜலீசா கேட்கவில்லை. ஊரே பார்க்க அப்படியே கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷப் பிள்ளைகள் ஞாயிறுக்கு ஊதாத் தொப்பி மறுபடி வந்தது. செய்தியை யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டி வைத்திருந்தோம். ஜலீசா எழுந்தாள்.

"என் பேர் ஜலீசா. ஸ்டேட் யுனிவர்சிட்டி, கடைசி வருஷம். மேஜர், சயின்ஸ்." அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "வர்ற ஆகஸ்டுல மருத்துவக் கல்லூரில சேர்றேன்."

டாக்டர் படிப்பு என்றால் என்ன செய்வோம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூரை பிய்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆர்கன்காரர் எந்தப் பாட்டு என்று தெரியாமல் கைக்கு வந்ததை எல்லாம் வாசித்தார். பாஸ்டர் மேடையிலேயே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது, சிஸ்டர் க்ளோடெல் அந்த இடைவெளியில் நுழைந்தாள்.

"அல்லேலூயா! பயாலஜிக்கு மாறிட்டேதானே கண்ணு? என் பையன் சொன்னான், அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம்."

ஜலீசா வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். மூடினாள். "அந்த மாதிரிதான், மேடம்" என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். தன் நான்கு வருஷ உழைப்பை அம்மாவின் மானத்துக்காக அப்படியே க்ளோடெலிடம் விட்டுக்கொடுத்தாள்.

ஊதாத் தொப்பி எழுந்தது.

"இல்ல" என்றாள் ஆர்லீதா.

"அம்மா, பரவாயில்ல..."

"நீ சும்மா இரு. இல்ல, க்ளோடெல். அந்த மாதிரி இல்ல. கோழி! என் பொண்ணு கோழி படிச்சா. நாலு வருஷமும் கோழிதான் படிச்சா. வெளிய சொல்லாதேன்னு வாயைப் பொத்தினது நான், அவ இல்ல." திரும்பிச் சபையைப் பார்த்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "நாம தினமும் கழுவிக் கழுவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு பார்க்கறோமே, அதையேதான் என் பொண்ணு படிச்சா. அதோட உள்ள இதயம் எப்படித் துடிக்குதுன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நான் பார்த்தேன். கோழி படிச்சுட்டுத்தான் போய் நின்னா. உள்ள விட்டுட்டாங்க க்ளோடெல், கதவைத் திறந்து உள்ள விட்டுட்டாங்க!"

முதலில் எழுந்தது டீக்கன் அமோஸ். அப்புறம் அவருக்குப் பின்னால் கழுவுகிற ஷிஃப்டுப் பெண்கள், இறக்கை வெட்டுகிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் என்று வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. க்ளோடெலும் எழுந்தாள், அதைச் சொல்லிவிட வேண்டும், கையும் தட்டினாள். அந்த வாரம் அவள் உருளைக்கிழங்கு சாலட்டை நான் சாப்பிட்டேன்.

"பவுல்ட்ரி சயின்ஸும்மா" என்றாள் ஜலீசா, அழுதுகொண்டே.

"எல்லாம் ஒண்ணுதான், உக்காரு" என்றாள் ஆர்லீதா.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் காற்று ஊசியாகக் குத்தியது. ஆர்லீதா வாசலில் நின்று கோட்டுப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம் தட்டியதில் விரல்கள் சுத்தமாக மரத்துவிட்டிருந்தன. ஜலீசா வந்து எதிரில் நின்று, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

"என் கையைச் சரி பண்ண இன்னும் எத்தனை வருஷம்டி ஆகும்?"

"எப்படியும் ஏழெட்டு வருஷம்மா."

"அடிப்பாவி! அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் போட்டுவிடறேன்" என்று சொல்லி, ஜலீசா கடைசிப் பொத்தானைப் போட்டாள்.